பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

இன்று காலை என் மேசைமேல் ஒரு பல் இருந்தது. டிஷ்யூத் தாளில் நாலாக மடித்து, பிஸ்கட் தூள் ஒட்ட, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் யாரோ வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பல். “பார்த்துட்டு திருப்பிக் குடுத்துருங்க டீச்சர், எங்கம்மாவுக்கும் காட்டணும்” என்று கதவோரம் ஒரு குரல். தர்ஷினி. ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன், எனக்கு வந்த முதல் பல் இதுதான். உனக்கு இது சிரிப்பாக இருக்கும். உனக்குத்தான் மாதம் தவறாமல் பல் வருமே. என் வகுப்பில் விழுந்த பற்கள்கூட என் மேசையைத் தாண்டி, நடைபாதை வழியாக உன்னிடம்தான் ஓடின. என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையனுக்குக் கடைவாய்ப்பல் விழுந்தது. நான் எதிரே நிற்கிறேன், கையை நீட்டுகிறேன், அவன் “டீச்சர், டாய்லெட் போகணும்” என்று பொய் சொல்லிவிட்டு உன் வகுப்புக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தான். அன்று மதியம் வரை நான் உன்னோடு பேசவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. உன் வாப்பா கடையில் கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப்பை ஒரு தாளில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். தின்றுவிட்டேன். அப்படியும் கோபம் குறையவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன விடுமுறையில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அது உன்னோடு போய்விட்டது, ஆனால் என்னை விட்டுப் போகவில்லை. இந்த மாதங்களில் நான் செய்ததெல்லாம் அந்தப் பொய்யைப் பொய்யில்லாமல் ஆக்கப் பார்த்ததுதான். முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்.

நம் பள்ளியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலாய் ஊருக்கு வெளியே, நாலு பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், நடுவில் பழைய தோட்டத்து மண்டபம். அதையே பலகையால் தடுத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் உன் முதலாம் ஆண்டு. இந்தப் பக்கம் என் நான்காம் ஆண்டு. பலகை கூரை வரை போகாது. நீ தும்மினால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாம் இரண்டு பேரும் ஒரே ஆசிரியர் பயிற்சி மக்தபில் படித்து, ஒரே வருஷம் வேலைக்கு வந்து, பதினோரு வருஷமாக இந்தப் பலகையின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள். நீ பொந்தியான் சாப்பாட்டுக் கடைக்காரர் மகள், நான் தோட்டத்து வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் வளர்ந்தவள். பெருநாளைக்கு நீ எனக்குப் பிரியாணி கொண்டு வருவாய், கிறிஸ்துமஸுக்கு நான் உனக்குக் கேக் கொண்டு வருவேன். வெளியில் இருந்து பார்த்தால் நல்ல சிநேகிதிகள். உள்ளே எனக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தேன்.

அந்தத் தட்டுதான் காரணம். உன் வகுப்பில் ஒரு பிள்ளை யாருடைய துணையும் இல்லாமல் முதல் முறையாக ஒரு வரியை முழுதாக வாசித்துவிட்டால், நீ பலகையில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவாய். உன் வகுப்பு கைதட்டும். பலகைக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் கைதட்ட வேண்டும். இது யார் போட்ட சட்டம் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள் எல்லோரும் உன் கையில் வாசிக்கப் பழகியவர்கள், ஒவ்வொருவனுக்கும் ஒருநாள் அந்தத் தட்டு விழுந்திருக்கிறது, அதனால் தட்டுச் சத்தம் கேட்டால் அவர்கள் கை தானாகப் போகும். நான் பின்னக் கணக்கின் நடுவில் நிற்பேன். கீழ் எண்ணை மேலே கொண்டுவந்திருப்பேன். டொக், டொக், டொக். அவ்வளவுதான், கணக்கு போச்சு.

ஒருநாள் கோபத்தில் ஒரு கட்டளை போட்டேன். கைதட்டலாம், சத்தம் வரக்கூடாது என்றேன். பாவம், இரண்டு விரலால் உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுத் தட்டின. தட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அந்தப் பக்கமிருந்து, “அந்தப் பக்கத்துல எல்லாம் தூங்கிட்டீங்களா?” என்று கேட்டாய். உன் வகுப்பு சிரித்தது. என் வகுப்பும் சிரித்தது. நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் நடைபாதையில் போவார். உன் வகுப்பில் கூச்சல் என்றால் நின்று ரசித்துவிட்டுப் போவார். என் வகுப்பில் ஒரு நாற்காலி விழுந்தால் எட்டிப் பார்ப்பார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆசிரியர் தினம் வந்தால் எனக்கு மக் வரும். என் வீட்டு அலமாரியில் இருக்கும் மக்கை வைத்து ஒரு சாயாக்கடை திறக்கலாம். உனக்கு வருவதோ அழிரப்பரில் பாதி, கடித்த பென்சில், ஒருமுறை கண்ணாடிக் கோலிக் குண்டு. கடையில் வாங்காத பொருள்கள். அம்மா வாங்கிக் கொடுத்ததை எனக்குக் கொடுத்தார்கள், தங்களுடையதை உனக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாதி ரப்பருக்காக நான் அடித்துக்கொண்டேன் என்று வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

சரி, இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அல்லது தெரிந்திருந்தும் நீ வாயைத் திறக்காததை. இந்த வருஷம் பள்ளி திறப்பதற்கு முன் நடந்த கூட்டத்தில், “அனுபவத்துக்காக” வகுப்பு மாற்றுகிறோம் என்று தலைமையாசிரியர் சொன்னார் அல்லவா? நீ நான்காம் ஆண்டு, நான் முதலாம் ஆண்டு என்று வந்ததே, அது அவருடைய யோசனை இல்லை. நான் போய்க் கேட்டேன். உனக்கு வருஷா வருஷம் சின்னப் பிள்ளைகளோடு தொண்டை போகிறது, கொஞ்சம் ஓய்வு தரலாம் என்று உன் மேல் அக்கறைப்படுகிறவளைப் போலவே பேசினேன். அவர் நம்பிவிட்டார். கூட்டத்தில் உன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். நீ பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய். “சரி சார்” என்றாய்.

எனக்கும் அந்த நிமிஷம் வேண்டும் என்று இருந்தது. வேறொன்றுமில்லை. எழுத்தை எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நின்று, தான் சொன்னது ஒரு சொல் என்று தானே கண்டுபிடித்து நிமிர்ந்து பார்க்குமே, அந்த நிமிஷம். இந்த வேலையில் சம்பளத்தோடு சேராத சம்பளம் அது ஒன்றுதான். நான் அதைப் பதினோரு வருஷம் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து காதால் மட்டும் கேட்டேன்.

ஆனால் தட்டை நான் எடுக்கவில்லை. உன் பாணியை எடுத்தால் உன் நிழல் ஆகிவிடுவேன் என்ற வீம்பு. முதல் வாரமே தர்ஷினி கேட்டாள். பாலர் வகுப்பில் இருந்த ஒரு வருஷமும் அவள் உன் தட்டைத் தூரத்திலிருந்து கேட்டவள். அடுத்த வருஷம் உனக்கும் தட்டுவேன் என்று நீ வேறு அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாய்.

“டீச்சர், நீங்க எப்ப தட்டுவீங்க?”

“நம்ம கிளாஸ்ல தட்டுறதில்ல” என்றேன்.

அவள் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வாயைத் திறந்து ஒரு எழுத்தைக்கூட என்னிடம் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கின. நானும் அந்த நிமிஷங்களை ருசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். இவள் மட்டும் புத்தகத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உதட்டை மூடிக்கொள்வாள். அவள் அம்மா விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பிள்ளை பாதித் தூக்கத்தில் வேனில் வந்து இறங்கும். அதனால்தான் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

இப்போது பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நீ. என் வகுப்பில் நடப்பதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டாய், “ஏன்டி ஸ்டெல்லா, ஒரு தட்டு கூட வரல? எங்க பசங்க கை தட்டக் காத்துக்கிட்டு கிடக்கிறானுங்க லா.” அது உன் பாணி, எனக்கு ஒத்துவராது என்றேன். நீ தலையாட்டினாய். உனக்கு அப்போதே உடம்பு மெலிந்திருந்தது. நோன்பு பிடிப்பதால் என்று நான் நினைத்தேன். பெருநாள் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பினோம், நீ திரும்பவில்லை.

பள்ளியின் வருஷ நடு விடுமுறையில் பொந்தியானுக்கு வந்தேன். உன் அண்ணன் வீட்டு மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாய். முக்காடு பெரியதாகவும் முகம் சின்னதாகவும் இருந்தது. உன் அண்ணி கொண்டுவந்த இடியப்பத்தை எனக்குத் தள்ளிவிட்டு, உடம்பைப் பற்றி நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல், என் வகுப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாய். ஒவ்வொரு பிள்ளையாக, பெயர் சொல்லி. நீ ஒருநாள்கூடப் பாடம் எடுக்காத பிள்ளைகள். பாலர் வகுப்பு வாசலில் பார்த்த பழக்கத்தில் யாருக்கு இடது கை, யார் பென்சிலைக் கடிப்பான் என்றெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. படுத்த படுக்கையாக இருக்கிறவளைப் பார்த்து வயிறு எரிந்தது என்று எழுதக் கை கூசுகிறது. உண்மை அதுதான்.

கடைசியில் கேட்டாய், “தர்ஷினிக்கு எழுத்து கூடிடுச்சா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய். இப்படிச் செய், அப்படிச் செய் என்று நாலு வழி சொல்லியிருப்பாய். அந்தப் பிள்ளைக்கு அது உதவியிருக்கும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. உன் வகுப்பை வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளையைக் கரை சேர்க்க முடியவில்லை என்று உன்னிடமே சொல்ல நாக்கு எழவில்லை.

“கூடிடுச்சு. நல்லா வாசிக்கிறா” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ். என்ன வாசிச்சா மொதல்ல?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பூனை பால் குடித்தது என்று ஏதோ ஒன்றைச் சொன்னேன். நீ கண்ணை மூடி அந்த வரியைக் கேட்டாய். பிறகு கையை நீட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மர அலமாரியில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாய். தட்டிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எதற்குக் காத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கைதட்டினேன். பதினோரு வருஷத்தில் உன் தட்டுக்கு நான் கைதட்டியது அந்த ஒருமுறைதான். அதுவும் ஒரு பொய்க்கு.

நீ அதை நம்பினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மாதம் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள், அந்தப் பிள்ளையின் குரல் ஒருதரம்கூட எழும்பாததைக் கேட்டவள், எப்படி நம்பியிருப்பாய்? இரண்டு வாரத்தில் செய்தி வந்துவிட்டது. மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தில் உன் அண்ணனிடம் என்னவோ ஆறுதல் சொன்னேன். அவர், “தங்கச்சி கடைசி வரைக்கும் ஸ்கூல் பேச்சுதான்மா” என்றார். காரில் ஏறி உட்கார்ந்து அழுதேன். அழும்போதும் ஒரு ஓரத்தில், செத்த பிறகும் இவள்தான் நல்ல டீச்சர் என்று ஒரு குரல் முனகியது.

அதற்குப் பிறகு தினமும் ஓய்வு நேரத்தில் தர்ஷினியை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நீ எழுத்து எழுதி விட்டுப்போன பாட்டில் மூடிகளை எடுத்துப் பரப்பினேன். மணலில் எழுத வைத்தேன். பாடினேன், கெஞ்சினேன், மிட்டாய் கொடுத்தேன். மிட்டாயை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன். அந்தப் பிள்ளை வாசிக்காமல் வருஷம் முடிந்தால், உன்னிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை பொய்யாகவே நின்றுவிடும். அப்படி ஆனால் இடமாற்றம் கேட்டு எங்காவது போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

போன புதன்கிழமை நல்ல மழை. பிள்ளைகள் திடலுக்குப் போக முடியாமல் வகுப்பிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று தெம்பில்லை. இன்று ஒன்றும் வேண்டாம், போய் விளையாடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, டப்பாவில் கொண்டுவந்த மீகூன் நூடுல்ஸை வாயில் போட்டுக்கொண்டே புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் சுவரோரம் போய் நின்றாள். அங்கே வகுப்புக் கடமை அட்டவணை ஒட்டியிருக்கிறது. எந்தக் கிழமை யார் குப்பை கொட்டுவது, யார் வெண்பலகை துடைப்பது என்று நான்தான் வருஷ ஆரம்பத்தில் எழுதி ஒட்டினேன். ஒட்டியதோடு மறந்தும் போனேன். கவின் என்று ஒரு துடுக்குப் பயல் தினமும் ஓடிப்போய் அவனே பலகையைத் துடைத்துவிடுவான். யாராவது கேட்டால், பேப்பரில் என் பேர்தான் போட்டிருக்கு என்பான். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேப்பரில் அக்கறையில்லை. அக்கறையிருந்தவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எத்தனை நாளாக அங்கே நின்று இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாளோ, நான் கவனிக்கவில்லை. நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். வாயில் இருந்த மீகூனை மெல்லக்கூட இல்லை.

“செவ்... வாய். தர்... ஷினி. வெண்... பலகை.” நின்றாள். மறுபடி விரலைப் பின்னால் கொண்டுபோனாள். “செவ்வாய், தர்ஷினி, வெண்பலகை துடைத்தல்.”

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த மலர்ந்த முகம் இல்லை. கண் சிவந்திருந்தது.

“டீச்சர், செவ்வாக்கெழம என் பேரு போட்டிருக்கு. இவ்ளோ நாளா அவன் என்னோடத துடைச்சிருக்கான்.”

மாதக்கணக்கில் நான் மிட்டாய் கொடுத்து, பாட்டுப் பாடி, மூடி உருட்டித் திறக்க முடியாத வாயை அந்தப் பயல் மேல் இருந்த பொறாமை திறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளை அணைத்துக்கொண்டேன். திமிறினாள். அவளுக்கு அணைப்பு வேண்டாம், நியாயம் வேண்டும். கவினைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் கையும் களவுமாகப் பிடிபட்டவனாக விழித்தான். அடுத்த செவ்வாயிலிருந்து உன் பலகை உனக்கே என்று தீர்ப்புச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாதானமானாள். மணி அடித்தது. மற்றவர்கள் இடத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் வாசிச்சிட்டேன்ல டீச்சர்?”

“வாசிச்சிட்டே.”

“எனக்கு யாரும் தட்ட மாட்டாங்களா?”

தடுப்புப் பலகை பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை. இந்த முறை அது வீம்பு இல்லை.

“உனக்குத் தட்டியாச்சு” என்றேன். “அந்த டீச்சர் தட்டிட்டாங்க. லீவுல போய்ப் பார்த்தேன், அப்பவே உனக்குன்னு தட்டினாங்க. நான் பக்கத்துல இருந்து கை தட்டினேன்.”

அவள் யோசித்தாள். “நான் அப்ப வாசிக்கவே இல்லையே.”

“நீ வாசிச்சிடுவேன்னு அவங்களுக்குத் தெரியும்.”

“மூணு தடவையா?”

“மூணு தடவ.”

அவளுக்கு அது போதுமாக இருந்தது. இடத்துக்குப் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். நான் முகத்தை வெண்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அன்று எழுத வேண்டிய கிழமையையும் தேதியையும் எழுதினேன்.

இப்போது கணக்கைப் பார். அவளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவள் நான். முதல் வரியைக் கேட்டது என் காது. இன்றைக்குப் பல்கூட எனக்குத்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை பெரியவளாகி, எனக்கு முதலில் தட்டியது யார் என்று யாரிடமாவது சொன்னால், உன்னைத்தான் சொல்வாள். நானே என் வாயால் எழுதிக் கொடுத்துவிட்டேன். திருப்பி வாங்கவும் முடியாது. எனக்கு எவ்வளவு வயிறு எரிகிறது தெரியுமா?

எரியட்டும். உன் வகுப்பைக் கேட்டு வாங்கினேன், உன் பிள்ளைகளை வாங்கினேன், உன் மூடிகளைக்கூட வாங்கினேன். நீ இருந்த இடத்தில் நீயாக மிச்சமிருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான். இதுவும் அணைந்துவிட்டால், அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று ஆகிவிடும்.

ஸ்டெல்லா